பங்களா பீரோவுல கெடச்ச கான்சர்ட்டினாவுக்கு என்ன விலை சொல்றது

குன்னூர் கோத்தகிரி பக்கம் எந்த எஸ்டேட் பங்களா கை மாறினாலும் கொஞ்ச நாள்ல எனக்கு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துடும். ஆறு மூலை வச்ச குட்டிப் பெட்டி, ரெண்டு பக்கமும் ஜாலி வேலைப்பாடு, நடுவுல மடிப்பு மடிப்பா துருத்தி, கான்சர்ட்டினாங்கிற கை வாத்தியம்தான், கீழ ஒரு வரி, "அண்ணா இது என்னது, எவ்ளோ போகும்". ஆர்மோனியம் ரிப்பேர் பாக்குறவன்னு ஊருக்குள்ள ஒரு பேரு இருக்கு, அதனால காத்தடிச்சு சத்தம் வர்ற சாமான் எதுவா இருந்தாலும் நம்ம தலையிலதான் வந்து விழும். கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வரும், வெளிநாட்டு சைட்ல பாக்க இதே மாதிரி ஒன்னுக்கு நாலாயிரம் பவுண்டுனு போட்டிருப்பான், "அப்ப நம்மளதும் நாலு லட்சம்தானே அண்ணா".

இல்ல தம்பி. அது கேக்குற விலை, வித்த விலை இல்ல, அது மொத விஷயம். ரெண்டாவது, அந்தப் பெட்டி ஒரு ரிப்பேர்காரர் கிட்ட மாசக்கணக்குல கெடந்து, ரீடு ரீடா (காத்துல அதிர்ந்து சத்தம் குடுக்குற குட்டி உலோக நாக்குதான் ரீடு) ட்யூன் ஆகி, புது பேடு (ஓட்டைய மூடுற மெத்தை) புது வால்வு (ரீடு மேல மூடுற தோல் இதழ்) புது ஸ்ட்ராப் எல்லாம் போட்டு, வாங்குன அன்னிக்கே கையில மாட்டி வாசிக்கலாம்ங்கிற நெலமைல இருக்கு. உங்களுது அமுக்குனா காத்து மட்டும்தான் வருது. மூணாவதுதான் யாருமே யோசிக்காதது, அந்தப் பெட்டி லண்டன்ல இருக்கு, உங்களுது கோத்தகிரி பக்கம் அரவேணுல இருக்கு. நம்ம நாட்டுல 1972ல ஒரு தொல்பொருள் சட்டம் போட்டிருக்காங்க, நூறு வருஷம் தாண்டுன கைவேலைப் பொருள தனி ஆளு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, கான்சர்ட்டினாவும் அதுல மாட்டலாம். அனுப்பணும்னா மொதல்ல தொல்லியல் துறை, அதான் ஏஎஸ்ஐ, அவங்க கிட்ட 'இது ஆன்டிக்விட்டி இல்ல'னு சர்டிபிகேட் வாங்கணும். நல்ல காலத்து கான்சர்ட்டினா முக்கால்வாசி 1920க்கு முன்னாடி செஞ்சது, அப்ப நூறு தாண்டிருச்சு. லண்டன் விலைக்கு லண்டன்ல வாங்க ஆள் இருக்கு, ஆனா பெட்டி அங்க போய்ச் சேரவே வழி இல்லன்னா அந்த விலைய வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பழைய சாமான் எடுக்குறவங்க, 'பொம்மைப் பெட்டி, துருத்தி கிழிஞ்சிருக்கு'னு சொல்லி ஆயிரத்துக்கும் ரெண்டாயிரத்துக்கும் தூக்கிட்டுப் போயிடுறாங்க. அதுவும் அநியாயம்தான். நியாயமான விலைனு ஒன்னு இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு, அத எப்படிக் கண்டுபிடிக்கிறதுனு எனக்குத் தெரிஞ்ச வழிய எழுதி வச்சுடுறேன், அடுத்த தடவ கேக்குறவங்களுக்கு லிங்க் அனுப்பிடலாம்.

மொதல்ல எந்த வகைனு பாக்கணும். கட்டைவிரல் நுழையுற மாதிரி சின்ன தோல் வளையம், சுண்டுவிரல தாங்குறதுக்கு ஒரு உலோகத் தகடு, இது ரெண்டும் இருந்தா இங்கிலீஷ் கான்சர்ட்டினா. பெரும்பாலும் 48 பட்டன், இழுத்தாலும் அமுக்குனாலும் ஒரு பட்டனுக்கு ஒரே ஸ்வரம். வளையத்துக்குப் பதிலா நாலு விரலும் நுழையுற மாதிரி தோல் பட்டையும் அதுக்கடியில ஒரு மரக்கட்டையும் இருந்தா ஆங்கிலோ இல்லன்னா டூயட். ஆங்கிலோல மவுத் ஆர்கன் கணக்கா, அமுக்குனா ஒரு ஸ்வரம் இழுத்தா வேற ஸ்வரம், 20 பட்டன் இல்லன்னா 30 பட்டன். டூயட்ல திரும்ப இழுத்தாலும் அமுக்குனாலும் ஒரே ஸ்வரம், ஆனா பட்டன் கூட இருக்கும், இடது கைல கீழ் ஸ்தாயி வலது கைல மேல் ஸ்தாயினு பிரிஞ்சிருக்கும். க்ரேன் முறைனு ஒரு டூயட் இருக்கு, அதுக்கே இரட்சணிய சேனைக்காரங்க 'ட்ரயம்ஃப்'னு பேரு வச்சு தெருப் பிரசங்கத்துக்கு நெறைய வாசிச்சாங்க. அதனால மிஷன் வீடுகள்ல இருந்து வர்ற பெட்டில டூயட் இருந்தா ஆச்சரியப்பட வேணாம்.

இந்த வகை எதுக்கு முக்கியம்னா, ஒரே கம்பெனி, ஒரே தரம், ஒரே வருஷம்னு வச்சுக்கிட்டாலும் 30 பட்டன் ஆங்கிலோவுக்கு இங்கிலீஷ விட விலை கூட, டூயட்டுக்கு எல்லாத்தையும் விட கம்மி. வேலைப்பாட்டுல கொறை ஒன்னும் இல்ல, டூயட் வாசிக்க ஆளு கம்மி அவ்ளோதான். ஆங்கிலோவ ஏத்தி விடுறது ஐரிஷ் பாட்டுக்காரங்க, அவங்களுக்கு வேண்டியது சி/ஜி ஆங்கிலோ, நம்ம கணக்குல சொன்னா ஒரு வரிசை ஒரு கட்டை சுருதி, இன்னொரு வரிசை அஞ்சு கட்டை, மூணாவது வரிசைல விட்டுப்போன அரை ஸ்வரங்கள். அந்த ஊர்ல டிமாண்ட் இருக்குறதாலதான் இதுக்கு விலை கூட.

அப்புறம் யாரு செஞ்சதுனு பாக்கணும். இங்கிலீஷ் கான்சர்ட்டினாவ உண்டாக்குனது சார்லஸ் வீட்ஸ்டோன், பிளஸ் டூ பிசிக்ஸ்ல வீட்ஸ்டோன் சமனச்சுற்றுனு படிச்சு மார்க்கு வாங்குனோமே அந்தப் பேருக்குச் சொந்தக்காரர்தான். 1829லயும் 1844லயும் பேட்டன்ட் எடுத்திருக்கார். வீட்ஸ்டோன் கம்பெனி கணக்குப் புஸ்தகங்கள் லண்டன் ஹார்னிமன் மியூசியத்துல இருக்கு, ஸ்கேன் பண்ணி ஓசிலயே போட்டிருக்காங்க, சீரியல் நம்பர் தெரிஞ்சா நெறைய பெட்டிக்கு எந்த வருஷம் என்ன மாடல்னு கண்டுபிடிச்சிடலாம். அவர் கிட்ட வேலை பாத்த லூயி லாஷனல் 1858ல தனியா தொழில் ஆரம்பிச்சார், அவர் செத்ததுக்கு அப்புறமும் கம்பெனி 1930கள் வரைக்கும் ஓடுச்சு, லட்சத்துக்கு மேல பெட்டி பண்ணித் தள்ளியிருக்காங்க. நம்ம மலைல கெடைக்கிறதும் பெரும்பாலும் லாஷனல்தான். இதுல ஆகச் சாதாரணமும் உண்டு, ரொம்ப உசத்தியும் உண்டு, அதனால பேர மட்டும் பாத்து துள்ளக் கூடாது. சி. ஜெஃப்ரீஸ்னு உலோகத் தகட்டுல குத்தியிருந்தா கொஞ்சம் நிமிந்து உக்காருங்க, ஸ்கிரீன்ஷாட்ல வர்ற அந்த நாலாயிரம் அஞ்சாயிரம் பவுண்டு எல்லாம் பெரும்பாலும் அந்த ஜாதிதான், அதுல சீரியல் நம்பரே இருக்காது. இன்னொரு வகை ஜெர்மன் பெட்டி. 1834ல கெம்னிட்ஸ் ஊர்ல ஊலிக்ங்கிறவர் ஆரம்பிச்சு வச்சது, அப்புறம் மலிவா ஆயிரக்கணக்குல செஞ்சு உலகம் பூரா வித்தாங்க. உள்ள நீளமான ஒரே தகட்டுல ரீடு எல்லாத்தையும் வரிசையா அடிச்சிருப்பாங்க. அதுக்கும் நூறு வயசு ஆயிருக்கும், ஆனா விலை கெடையாது, ரிப்பேர் பண்ற காசுக்கு வித்தாலே பெரிய விஷயம். 'நூறு வருஷத்து ஆன்டிக் சார்'னு ஆரம்பிக்கிறவங்க கிட்ட நான் கேக்குறது ஒன்னுதான், உள்ள தொறந்து பாத்தீங்களா?

ஏன்னா விலை வெளிய இல்ல, உள்ள இருக்கு. இன்னும் சரியாச் சொன்னா ரீடுல இருக்கு. ஜாலி ஒடஞ்சிருந்தா அறுத்துக்கலாம், துருத்தி போனா புதுசு கட்டிக்கலாம், பேடு வால்வு ஸ்ப்ரிங் எல்லாம் எப்படியும் மாத்த வேண்டியதுதான். ரீடு போச்சுன்னா கைல ஒவ்வொன்னா புதுசா செய்யணும்.

கோத்தகிரி பக்கம் ஒரு ஆயா வீட்டுக்குப் போனத சொல்றேன். அவங்க வீட்டுக்காரரு ஒரு பங்களால பட்லரா இருந்தவராம், தொரைசாணி ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனதாம். பேரன்தான் எனக்கு போட்டோ அனுப்புனது, அவன் கணக்கு நாலு லட்சம். ஆயா கணக்கு வேற, "அந்த இரும்புக்காரன் ஆயிரத்தி ஐநூறு சொன்னான் தம்பி, நான்தான் இன்னும் ஒரு ஐநூறு சேத்துக் குடுன்னேன்". டேபிள்ல பழைய பெட்ஷீட் விரிச்சு உக்காந்தோம். 30 பட்டன் ஆங்கிலோ, மர முகப்பு, எலும்பு பட்டன், லாஷனல்.

ஒவ்வொரு முகப்புலயும் ஆறு நீட்டு போல்ட்டு. வாய் சரியா பொருந்துற ஸ்க்ரூ டிரைவர் இல்லாம இதுல கை வைக்கக் கூடாது, தலை வழுக்கிடுச்சுன்னா அதுக்கே ஒரு நாள் போயிடும். ஒரு அட்டைல ஆறு ஓட்டை போட்டு எந்த மூலைல இருந்து எந்த போல்ட்டு வந்துச்சோ அதே எடத்துல குத்தி வச்சேன், ஏன்னா நூறு வருஷமா அது அது அந்தந்த மரையோட பழகிப் போயிருக்கும். முகப்ப தூக்குனா உள்ள லீவர் வரிசை, ஒவ்வொரு லீவர் நுனியிலயும் வட்டமா ஒரு பேடு, பித்தளை ஸ்ப்ரிங். பேடுக்கடியில தோலு பச்சையா பூஞ்சணம் புடிச்சு அமுக்குனா பொடியா உதிருது. அது பரவால்ல. அந்தப் பலகைய எடுத்தா கீழ ரீடு தட்டு, விரல விட்டு இழுத்தா வந்துடுச்சு. லேசா வந்ததே நல்ல சகுனம் இல்ல, மரம் காஞ்சு சுருங்கியிருக்குனு அர்த்தம், இறுக்கமா இருந்தாதான் காத்து லீக் ஆகாது. தட்ட திருப்பி ஜன்னல் வெளிச்சத்துல காட்டுனேன். வண்டிச் சக்கரத்து ஆரம் மாதிரி நடுவ பாத்து வட்டமா ரீடுங்க, ஒவ்வொன்னும் ஒரு பித்தளைச் சட்டம், அந்தச் சட்டம் மரத்துல வெட்டுன காடிக்குள்ள சொருகியிருக்கும், சட்டத்து மேல ரெண்டே ரெண்டு குட்டி ஸ்க்ரூ, அதுக்கடியில நாக்கு. நாக்கு கருநீலமா இருந்துச்சு, ஸ்டீல். ஆயா கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு எட்டிப் பாத்தாங்க, "உள்ளுக்குள்ள இவ்வளவு சாமானா"னாங்க.

30 பட்டன்னா அமுக்க ஒன்னு இழுக்க ஒன்னு 60 ரீடு. அதுல ஒன்னு நுனி ஒடஞ்சு போயிருந்துச்சு. நாலுல துரு கடிச்சிருந்துச்சு. இங்க ஒரு வித்தியாசம் கவனிக்கணும், துருனு சொன்னாலே பயப்பட வேணாம், மேல செம்மண் தூசி மாதிரி படிஞ்சிருந்தா நெகத்தால சொரண்டினா போயிடும், சத்தமும் திரும்பிடும். லென்ஸ் வச்சுப் பாக்கும்போது உலோகத்துல குழி விழுந்திருந்தா அந்த ரீடு போனதுதான், இன்னிக்கு பாடுனாலும் ட்யூன் நிக்காது, ஒரு நாளைக்கு படக்குனு ஒடையும். மீதி 55 சுத்தம். முன்னாடி யாரோ ட்யூன் பண்ண அரத்தால ராவுன அடையாளமும் மோசமா இல்ல. நுனிய ராவுனா சுருதி ஏறும், அடிய ராவுனா எறங்கும், தெரியாதவன் கைல மாட்டுனா ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ராவி நாக்க பேப்பர் ஆக்கிடுவான், அப்படி ஆனத எவ்ளோ சுத்தமா இருந்தாலும் ஒடஞ்ச ரீடு கணக்குலதான் நான் எழுதுவேன்.

சீரியல் நம்பர் ரெண்டு தட்டுலயும் துருத்திச் சட்டத்துலயும் ஒன்னாவே குத்தியிருந்துச்சு, அப்ப ரெண்டு பெட்டிய சேத்து ஒன்னு பண்ணுனது இல்ல. துருத்தி அஞ்சு மடிப்பு, ரெண்டு மூலைல மட்டும் தோலு தேஞ்சு ஊசி ஓட்டை. அதுக்கு மெல்லிசு தோல் ஒட்டு போதும்.

அங்கயே பேப்பர்ல கணக்குப் போட்டேன். இதே மாதிரி சாதா மர முகப்பு லாஷனல் 30 பட்டன், ஸ்டீல் ரீடு, முழுசா சர்வீஸ் பண்ணுனது, ஒன்னரை லட்சம் பெறும்ங்கிறது என் மதிப்பு, ஜாஸ்தி சொல்ற ஆளும் இருப்பாங்க. அதுல இருந்து கழிக்கணும். பேடு, வால்வு, ட்யூனிங் எல்லாம் கூலியோட 25 ஆயிரம். அஞ்சு ரீடு, ஒன்னுக்கு ரெண்டாயிரம், 10 ஆயிரம். துருத்தி ஒட்டு 5, பட்டை, சில்லறை 2. மொத்தம் 42 போக மீதி ஒரு லட்சத்து எட்டாயிரம். இதோட நிறுத்திட்டா வாங்குறவனுக்கு நாமம். தொறந்து பாத்ததுக்கு அப்புறமும் தெரியாத நோய் எதாவது இருக்கும், மரத்துல மயிரிழை விரிசல், வேலை முடிச்சு ஒரு மழைக்காலம் போனதுக்கு அப்புறம் தெரியுறது. அதுக்காக சர்வீஸ் ஆன விலைல அஞ்சுல ஒரு பங்க தள்ளிடுவேன், இங்க 30 ஆயிரம். ஆக 78 ஆயிரம். அவசரமா காசு வேணும்னா 65க்கு குடுங்க, பொறுமையா இருந்தா 80 கேளுங்க, 65க்குக் கீழ யாரு கேட்டாலும் எனக்கு ஒரு போன் போடுங்கனு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். பேரன் மூஞ்சி தொங்கிருச்சு, ஆயா அந்தப் பேப்பர நாலா மடிச்சு அஞ்சறைப் பெட்டிக்கு அடியில வச்சாங்க.

நீயே வாங்கிக்கலாமேனு கேப்பீங்க. விலை சொல்றவன் வாங்கக் கூடாது, அது என் பாலிசி. வாங்கணும்னு நெனச்சா விலை நாக்குலயே கொறஞ்சுடும்.

இப்ப இதே கணக்க 48 பட்டன் இங்கிலீஷுக்குப் போடுங்க, 96 ரீடு, ட்யூனிங் கூலி எங்கயோ போகும், ஆனா சர்வீஸ் ஆன விலை ஆங்கிலோல பாதி கூட வராது. அதுலயும் பித்தளை ரீடா இருந்தா இன்னும் கொறையும். இதுல நம்ம மலைல ஒரு வேடிக்கை நடக்கும். பித்தளை துருப்புடிக்காதா, அதனால பீரோவுல இருந்து எடுத்தவுடனே பாடுறது பித்தளை ரீடு பெட்டிதான், ஸ்டீல் பெட்டி ஊமையா கெடக்கும். விக்கிறவங்க ரெண்டையும் பக்கத்துல வச்சு 'இது நல்லா வாசிக்குது, இது வீணாப்போனது'னு விலை மாத்திச் சொல்லுவாங்க. உண்மைல பித்தளை மென்மையான உலோகம், சத்தம் சின்னது, சீக்கிரம் சுருதி எறங்கும், வாசிச்சு வாசிச்சு ஒடையும், ஆரம்ப காலம் போனதுக்கு அப்புறம் அது பெரும்பாலும் மலிவு மாடல்லதான் போட்டாங்க. ஊமையா கெடக்குற ஸ்டீல் பெட்டிய தொறந்து பாத்தா பாதிக்கு மேல வெறும் தூசி, வால்வு சுருண்டது, அவ்ளோதான் இருக்கும். வாங்குறவங்களுக்கு இது லாட்டரி, அதனாலதான் விக்கிறவங்க கிட்ட நான் மொதல்லயே இத சொல்லிடுறது.

சுருதி விஷயம் ஒன்னு. விக்டோரியா காலத்துப் பெட்டி நெறைய இன்னிக்கு சுருதிக்கு இருக்காது. இன்னிக்கு ஏ ஸ்வரம் செகண்டுக்கு 440 அதிர்வு, அப்ப இங்கிலாந்துல 452 பக்கம் வச்சிருந்தாங்க. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைனு நாம எண்ணுற கணக்குல இது கிட்டத்தட்ட கால் கட்டை ஏத்தம். தனியா வாசிச்சா தெரியாது, சர்ச்ல கீபோர்டு கூட சேந்து கீர்த்தனை வாசிக்க ஒக்காந்தா பல்லு கூசும். எல்லா ரீடையும் எறக்கணும்னா அது முழு ட்யூனிங் கூலி, அதயும் கழிக்கணும். ஆனா பழைய இங்கிலீஷ் பெட்டிய இன்னிக்கு சுருதிக்கு ராவ எனக்கு மனசு வராது, ஏன்னா அதுல ஜி ஷார்ப்புக்கும் ஏ ஃபிளாட்டுக்கும் தனித்தனி பட்டன் வச்சிருக்காங்க, ஆரம்ப காலத்துல ரெண்டுக்கும் சுருதியே வேற வேற. ஆர்மோனியத்துல அந்த ரெண்டையும் ஒரே கறுப்புக் கட்டைல அடக்கிட்டான்னுதானே நம்ம பாட்டு வாத்தியார்கள் இத்தனை வருஷமா திட்டுறாங்க. அப்படி ராவாம தப்பிச்ச பெட்டி கெடச்சா நான் விலைய ஏத்திச் சொல்லுவேன், வாங்குற ஆளு சண்டைக்கு வந்தாலும் சரி.

மலைக்குனு சில நோய் இருக்கு. இங்க தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு மழையும் ஒரு கை பாக்கும், குன்னூர் கோத்தகிரில ஐப்பசி கார்த்திகைதான் உக்கிரம். அந்த ஈரத்துல பழைய வச்சிரப் பசை எளகி துருத்தி அட்டை பிரியும், சில்வர் பிஷ் உள்ள போய் பேப்பர தின்னும். அப்புறம் தை மாசம் உறைபனி, பகல்ல காஞ்ச வெயில், மரம் படீர்னு வெடிக்கும். இதெல்லாம் கூட தாங்கிக்கும், தாங்காதது பீரோவுக்குள்ள போடுற 40 வாட்ஸ் பல்பு. துணில பூஞ்சணம் வரக் கூடாதுனு நம்ம ஊர்ல வழக்கமா எரிய விடுறதுதான், அந்த பல்பு பக்கத்துலயே வருஷக்கணக்குல இருந்த பெட்டி ரீடு தட்டு வளைஞ்சு வெடிச்சிருக்கும். எல்லா ஸ்வரமும் ஈனமா, ஒரு பட்டன அமுக்குனா பக்கத்து ஸ்வரமும் சேந்து முனகுனா அதுதான். தட்டு வெடிச்சிருந்தா நான் விலைல பாதிய எடுத்துடுவேன்.

அத விட மோசம் 'சர்வீஸ் பண்ணியாச்சு சார்'. துருத்தி ஓரத்துல வெள்ளையா ஃபெவிகால் வழிஞ்சிருக்கும், பசைமேல தப்பில்ல, கதவுக்கு போடுறத இதுக்கு போட்டா அடுத்த ஆளு எப்படித் தொறப்பான். வச்சிரம்னா சூடு காட்டி தண்ணி தொட்டா கழண்டு வந்துடும். ஸ்ப்ரிங்குக்கு ஊக்கு கம்பி வளைச்சுப் போட்டது, துரு எடுக்குற ஸ்பிரே அடிச்சு வால்வு தோல் எல்லாம் எண்ணெய் குடிச்சு ஊறிப் போனது, இதெல்லாம் பாத்திருக்கேன். கை படாத கெட்ட பெட்டிக்கு ஒரு விலை, கை பட்ட கெட்ட பெட்டிக்கு அதுல பாதி. அதனால விக்கணும்னு நெனைக்கிறவங்க தயவுசெஞ்சு ஒன்னும் பண்ணாதீங்க, பாலிஷ் கூட போடாதீங்க. வேலை செய்யணும்னா கோயமுத்தூர் போனா ஆர்மோனியக்காரங்க பேடு, ஸ்ப்ரிங் நல்லா பண்ணுவாங்க, தோலுக்கு ஆம்பூர் வாணியம்பாடி சரக்கே போதும், ஆனா ரீட மட்டும் ஆர்மோனிய ரீடு ராவுற மாதிரி ராவ விட்றாதீங்க, அது தடிப் பித்தளை, இது மெல்லிசு ஸ்டீல், கை வேற.

விளம்பரத்துல 'ஐவரி பட்டன்'னு போட்டு விலை ஏத்துறவங்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலும் அது எலும்புதான், லென்ஸ்ல பாத்தா கருப்பா குட்டிக் குட்டி புள்ளியும் கோடும் தெரியும். நெஜமாவே தந்தமா இருந்தா நம்ம நாட்டுல விக்கவே கூடாது, ஃபாரஸ்ட்காரங்க வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போவாங்க. எலும்பு எலும்புனே எழுதுங்க, விலை ஒன்னும் கொறையாது.

எனக்கு போட்டோ அனுப்புறவங்க முகப்ப மட்டும் பூ வச்சு அலங்காரம் பண்ணி அனுப்பாதீங்க. ரெண்டு முகப்பு, கை பட்டை, நம்பர் இருக்குற எடம், துருத்திய விரிச்சு நாலு பக்கமும், அப்புறம் ஒவ்வொரு பட்டனா அமுக்கி இழுத்து ஒரு வாய்ஸ் நோட், சத்தம் வரலன்னாலும் பரவால்ல, அந்தக் காத்துச் சத்தமே எனக்கு பாதி சொல்லிடும். துருத்திய விரிக்கும்போது மட்டும் எதாவது ஒரு பட்டன அமுக்கிப் புடிச்சுக்கிட்டு விரிங்க, ஆங்கிலோல வலது கட்டைவிரல் பக்கம் தனியா ஒரு காத்துப் பட்டன் இருக்கும், அதயே அமுக்கலாம். எந்தப் பட்டனும் அமுக்காம பலமா இழுத்தீங்கன்னா மூலை தோல் கிழியும், நான் சொல்லப் போற விலைல அஞ்சாயிரம் அங்கயே போச்சு.